குழாயோடு வீடு திரும்பும் பெரியோர்

தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னர், நம்மவர் பலருடைய பிழைப்பு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் இரயில் வண்டியை நம்பியதாயிற்று. இளையோர் விடியுமுன் புறப்பட்டுவிட, பகலில் வீட்டிலிருப்போர் முதியோரே. அவருள் ஒருவர் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பெற்று மருத்துவமனையிலிருந்து திரும்பினால், அவரைப் பேணுவது எங்ஙனம்?

எமது தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். பிராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் அடைபட்டமையால் அவருக்குக் குழாய் வைத்தனர். விரிப்பை மாற்றும் போதெல்லாம் பையை அவர் மடிமீது வைத்தோம். நிரம்பி வழியும் தறுவாயிலேயே காலி செய்தோம். மூன்றாம் வாரம் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. பெற்ற மகனையே யாரென வினவினார். முதுமையின் தடுமாற்றம் என்றெண்ணி ஒரு பகல் முழுதும் வாளாவிருந்தோம். சிறுநீர்த் தொற்று என மருத்துவர் உரைத்த பின்னரே எமது பிழை விளங்கிற்று.

பையைச் சிறுநீர்ப்பைக்கு மேலே உயர்த்தினால், தேங்கிய நீர் கிருமிகளோடு உள்ளே திரும்பும். குழாயின் சுவரிலும் கிருமிகள் படலமாய்ப் படரும். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும், 100 பேரில் 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி புதிதாய்த் தோன்றுகிறது என்பர். ஆதலின், “இக்குழாயை எப்போது எடுக்கலாம்?” என்று மருத்துவரிடம் தவறாது கேளுங்கள்.

தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பிட்டுக் கை கழுவுக. குழாய் நுழையுமிடத்தை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு மெல்லத் தூய்மை செய்க. பை எப்போதும் இடுப்பிற்குக் கீழே தொங்கட்டும். தரையில் படுதல் ஆகாது. முக்காற்பங்கு நிரம்புமுன் காலி செய்க. குழாய் முறுக்கிக்கொள்ளாதிருக்கட்டும், பையினின்று அதை வீணே கழற்றற்க. இதயநோய், சிறுநீரகநோய் காரணமாக மருத்துவர் அளவு விதித்திருந்தாலன்றி, தண்ணீர் தாராளமாய்ப் பருகத் தருக.

சிறுநீர் கலங்கியிருப்பதும் நாறுவதும் மட்டுமே தொற்றுக்குச் சான்றாகா. அதற்கெனக் கடையில் தாமாக மாத்திரை வாங்குதல் தவறு. ஆனால் காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி, திடீர் மனக்குழப்பம், சிறுநீர் வாராதிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரை நாடுக.

இவ்வறிகுறிகளை வீட்டிலுள்ள பாட்டியாருக்கும் அண்டை வீட்டாருக்கும் இன்றே சொல்லி வையுங்கள். மாலை வண்டி வரட்டும் என்று அவர்கள் காத்திருத்தல் கூடாது.