டிஷ் அன்டனாவை நாமே பூட்டலாமா?

தோட்டத்தில் எந்த லயத்தைப் பார்த்தாலும் தகரத்துக்கு மேலே இரண்டு மூன்று டிஷ் அன்டனாக்கள் தெரிகின்றன. மழையும் காற்றும் வந்துவிட்டால் "படம் வரலைங்க, ஆளைக் கூப்பிடணும்" என்ற பேச்சும் வந்துவிடும். ஆள் டவுனில் இருந்து வருவார். தகரத்தில் ஏறி ஒரு நட்டை முறுக்குவார். இரண்டு நாள் பேர்க் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த காற்றுக்குப் பழைய கதைதான். நமக்குத் தெரிந்த ஒரு லயத்தில் ஒரே டிஷ்ஷுக்கு மூன்று தடவை இப்படிக் காசு போனது. கடைசியில் பார்த்தால் டிஷ்ஷில் ஒரு பழுதும் இல்லை. அதைத் தாங்கிய குழாயைக் கூரை மரத்தில் கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுத்தான் ஆடிக்கொண்டிருந்தது.

இந்த வேலையை வீட்டு ஆட்களே ஒழுங்காகச் செய்ததை நாம் அக்கராயனில் பார்த்தோம். கிளிநொச்சி மாவட்டத்தில் பெரிய குளமும் வயலுமாக இருக்கிற ஊர் அது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் அந்தப் பக்கமெல்லாம் இருக்கின்றன. நமது தோட்டங்களில் பலருக்கு அங்கே ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ உண்டு. 2008இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, 2009இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து கட்டியவர்கள் அவர்கள். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை. கம்பியும் ஸ்பேனரும் அவர்களுக்குப் பயம் தருகிற சாமான்கள் அல்ல.

நாம் போன வீட்டில் டிஷ் கூரையில் இல்லை. முற்றத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், இடுப்புக்குச் சற்று மேலே நின்றது. "ஏன் அக்கா இவ்வளவு கீழே?" என்று கேட்டோம். "மேலே வச்சா என்னாங்க, கீழே வச்சா என்னாங்க? அது பார்க்கிறது வானத்தையில்ல!" என்றார் அந்த வீட்டு அம்மா. அதுதான் முழு விஷயமும்.

பழைய கம்பி அன்டனாவுக்கு உயரம் தேவைப்பட்டது. ஏனென்றால் அதற்குப் படம் தரையில் நிற்கும் கோபுரத்தில் இருந்து வருகிறது. மலையகத்துக்குப் பிதுருதலாகலையில் இருந்து வரும். வன்னியில், 1990இல் யுத்தத்தில் அழிந்துபோன கொக்காவில் நிலையம் இருந்த இடத்தில் 2011இல் 174 மீட்டர் உயரத்துக்குப் புதிய கோபுரம் எழுப்பினார்கள். நடுவில் மலையோ மரமோ மறைத்தால் படம் வராது. அதனால்தான் மூங்கிலை ஒட்டி ஒட்டி உயர்த்தினோம். டிஷ்ஷுக்குப் படம் வருவது சுமார் 36,000 கிலோமீட்டருக்கு மேலே இருந்து. அந்தத் தூரத்தில் நமது கூரையின் பத்தடி ஒரு கணக்கே இல்லை. டிஷ்ஷுக்கு வேண்டியது இரண்டே விஷயம்: மறைப்பு இல்லாத வானம், அசையாத குழாய். பழைய பழக்கத்தில் நாம் இன்னும் தகரத்தில் ஏறிக் காலை உடைத்துக்கொள்கிறோம்!

அந்த 36,000 கிலோமீட்டர்க் கணக்கு எங்கிருந்து வந்தது? பூமிக்கு நடுக்கோட்டுக்கு மேலே அந்த உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி ஒரு தடவை சுழலும் அதே நேரத்தில் ஒரு சுற்றைச் சுற்றி முடிக்கிறது. அதனால் கீழே இருந்து பார்க்கும் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அந்த இடத்தில் செயற்கைக்கோளை நிறுத்தி உலகத்துக்கே ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் கொழும்பில் குடியிருந்த அதே கிளார்க்தான். 1975இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அவருடைய கொழும்பு வீட்டிலேயே ஒரு டிஷ்ஷைப் பூட்டிக் கொடுத்தார்கள். அந்த வருடம் இந்தியாவில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக டெலிவிஷன் காட்டினார்கள். அதற்கு வைத்த டிஷ் பத்தடி அகலம், கோழிக்கூட்டு வலையால் செய்தது. வலையில் ஓட்டை இருந்தும் படம் வந்தது, காரணம் அன்றைய அலையின் நீளம் ஓர் அடிக்கும் மேலே. இன்றைய சின்ன டிஷ் பிடிக்கும் அலை ஏறக்குறைய ஓர் அங்குலம்தான். ஆகவே வலை உதவாது. கல் பட்டு நெளிந்த டிஷ்ஷும் சரியாக வேலை செய்யாது. நெளிந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது வீண் வேலை, வேறு டிஷ்தான் வாங்க வேண்டும்.

இனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். இங்கே அதிகம் பேர் வைத்திருக்கும் டயலொக் டிவியின் செயற்கைக்கோள் கிழக்கு 45 பாகையில், சோமாலியாக் கரையை ஒட்டிய கடலுக்கு நேர் மேலே நிற்கிறது. நமக்கு அது மேற்கு. சரியாகச் சொன்னால் மேற்கில் இருந்து சற்றுத் தெற்குப் பக்கம், மாசி மாதத்தில் பொழுது சாயும் திசை. அக்கராயனில் இருந்தாலும் ஹட்டனில் இருந்தாலும் உயரக் கோணம் சுமார் 48 பாகைதான், திசை மட்டும் மூன்று பாகை போல வித்தியாசப்படும். 48 பாகை என்பதை மரத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். அந்தத் திசையில் இருபது அடி மரம் இருந்தால், டிஷ் அதில் இருந்து இருபது அடி தள்ளி இருந்தால் போதும், மறைக்காது. மலைச் சரிவில் நிற்கும் லயத்துக்கு இது நல்ல செய்தி. எதிர்மலை பயங்கரமாகத் தெரிந்தாலும் 48 பாகை அளவுக்கு வானத்தை அடைக்கிற மலை அபூர்வம். சவுக்கும் கருப்பந்தைலமும்தான் வில்லங்கம்.

பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்துத் திசை வைப்பவர்கள் கவனியுங்கள். இந்தியாவில் இருந்து வரும் சில சேவைகளின் செயற்கைக்கோள் 93 பாகையை அண்டி நிற்கிறது. அந்த டிஷ் தென்கிழக்கே, ஏறக்குறைய உச்சியைப் பார்க்கும். உங்கள் பெட்டி எந்தச் சேவையுடையது என்று முதலில் பாருங்கள். இந்த நாட்டில் உரிமம் இல்லாத சேவைக்குக் காசு கட்டினால், அது நின்றுபோகும் நாளில் போய்க் கேட்க இடம் இல்லை.

குழாய் நடுவதில்தான் பாதி வேலை. ஒன்றரை அங்குலமோ இரண்டு அங்குலமோ ஜீ.ஐ. குழாய், ஏழு அடி இருந்தால் தாராளம். அடிப்பக்கத்தில் ஒரு குறுக்குக் கம்பியை ஒட்டவையுங்கள், இல்லாவிட்டால் கொங்கிறீற்றுக்குள்ளேயே குழாய் திரும்பும். இரண்டரை அடி குழி, கல்லும் சீமெந்தும். மேல் வாயை மூடுங்கள், தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்காது. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கம் நின்று பார்த்துக் குழாயை நேராக்குங்கள். குழாய் சரிந்திருந்தால் டிஷ்ஷைத் திருப்பும்போது உயரக் கோணமும் கூடவே மாறும். பிறகு நாள் முழுக்கத் தேடினாலும் பிடிபடாது. நட்டுவிட்டு மூன்று நாள் தொடாதீர்கள். அக்கராயனில் அந்தப் பையன் ஒரு கிழமை விட்டானாம், "அவசரப்பட்டா அதுவும் கோவிச்சுக்கும்" என்றான்.

வன்னியில் உள்ள உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கிண்டும்போது மண்ணுக்குள் இரும்போ பிளாஸ்டிக்கோ சந்தேகமான சாமான் தெரிந்தால் அப்படியே விட்டு விலகி, பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். யுத்தம் முடிந்தாலும் மண் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது.

நமது பக்கத்தில் பிரச்சினை வேறு. லயத்துக் கூரை ஒரு வீட்டுக்காரருடையது அல்ல. நம் காம்பராவுக்கு மேலே போட்ட ஆணி ஓட்டையால் பக்கத்துக் காம்பராவில் ஒழுகும், பிறகு அரிசிப் பானைக்கு மேலே சண்டை. அதனால் நிர்வாகத்திடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வாசல் பக்கத்திலேயே நடுங்கள். ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மண் வெட்டிய விளிம்பில் நடாதீர்கள், மழைக்கு இறங்கும். மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். குழாய் எவ்வளவு நீளமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளியே நடுங்கள். நிமிர்த்தும்போது ஒரு குழாய் கம்பியில் சாய்ந்தால் பிடித்திருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

டிஷ்ஷைக் கோர்ப்பது இலேசு. பின்தாங்கி, கை, கையின் நுனியில் எல்.என்.பி. என்ற அலை வாங்கும் சின்னக் கருவி. எல்லா நட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, கடைசியில் ஸ்பேனர் போடுங்கள். எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் எவ்வளவு திருகி வைக்க வேண்டும் என்று பெட்டியோடு வரும் தாளில் இருக்கும். அதை விட்டுவிட்டுத்தான் பலர் அரைநாள் கஷ்டப்படுகிறார்கள்.

இன்னொரு ஏமாற்று இதில் உண்டு. இந்தச் சின்ன டிஷ்களில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கிறது. அதனால் டிஷ் உண்மையில் பார்ப்பது, பார்ப்பது போலத் தெரியும் இடத்தைவிட இருபது இருபத்தைந்து பாகை மேலே. 48 பாகைக்கு வைத்த டிஷ், பாதியளவே சாய்ந்து, எதிர் வீட்டுச் சுவரைப் பார்ப்பது போல இருக்கும். "இன்னும் மேலே தூக்கு" என்று சுற்றி நிற்பவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். பின்தாங்கியில் அடித்திருக்கும் பாகைக் கோட்டை நம்புங்கள்.

பிறகு திசை. திசையறியும் கருவியோ போனோ எடுத்தால் தகரத்துக்கும் குழாய்க்கும் தள்ளி நின்று பாருங்கள், இரும்பு முள்ளைக் கெடுக்கும். டிகோடரில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோடுகள் இருக்கும், ஒன்று பலம், ஒன்று தரம். பலம் என்ற கோடு வெறும் வானத்தைப் பார்த்தாலும் ஏறி நிற்கும். தரம் என்ற கோடுதான் உண்மை சொல்லும். டிஷ்ஷின் விளிம்பை ஐந்து மில்லிமீட்டர் தள்ளினால் ஒரு பாகை திரும்பிவிடும். ஒரு பாகை அங்கே மேலே 650 கிலோமீட்டருக்குச் சமம். ஒரு விரல் அகலம் தள்ளினால் பெரும்பாலும் படமே இருக்காது. ஆகவே கொஞ்சம் நகர்த்தி, பத்து எண்ணி, மறுபடி கொஞ்சம் நகர்த்த வேண்டும். டிகோடர் யோசிக்க நேரம் எடுக்கும். அக்கராயன் வீட்டில் பையன் டிஷ்ஷைப் பிடிக்க, அம்மா வாசலில் நின்று தரத்தை வாசித்தாராம். "நாப்பது... அம்பத்திரெண்டு... ஐயோ போச்சு, திரும்பி வா தம்பி!" நமக்குச் சொல்லும்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நல்ல இடம் கிடைத்ததும் நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் டிஷ் இழுபடும்.

கேபிளை மாட்டுவதும் கழற்றுவதும் டிகோடரின் கரண்டை நிறுத்திய பிறகுதான். எல்.என்.பி.க்குப் போகும் 13, 18 வோல்ட் அந்தக் கேபிளுக்குள்ளேயே போகிறது, நடுக்கம்பி வெளிப்பின்னலில் தொட்டால் பெட்டி பழுதாகலாம். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு வளைத்து மேலே ஏற்றுங்கள், மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். நுவரெலியாப் பக்கத்துப் பனிக்கு இணைப்பு முனையில் டேப் சுற்றாமல் விட்டால் சீக்கிரம் பச்சைக்களிம்பு பிடித்துவிடும்.

மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர். இந்த மாதங்களின் பின்னேர இடி நமக்குத் தெரிந்ததுதான். மேகம் கறுக்கும்போதே கரண்ட் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றி வையுங்கள். இடி தொடங்கிவிட்டால் தொடவேண்டாம், பெட்டி போனாலும் போகட்டும். குழாயைச் செப்புக் கம்பியால் நிலத்தில் அடித்த கோலோடு இணைப்பது நல்லது. ஆனால் நேரே விழும் மின்னலை அது தடுக்கும் என்று நினைத்து யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

பெரிய மழையில் படம் உடைந்து நின்றால் அது பழுது அல்ல. அந்த ஓர் அங்குல அலையை மழைத்துளி விழுங்குகிறது. மழை விட்டால் வந்துவிடும், ஆளைக் கூப்பிட்டுக் காசை வீணாக்காதீர்கள். கிரிக்கெட் பார்க்கும்போது கம்பி அன்டனா வைத்திருக்கும் பக்கத்துக் காம்பராவில் முதலில் கத்துவதற்கும் காரணம் உண்டு. நம் படம் விண்வெளிக்குப் போய்த் திரும்பி, பெட்டிக்குள்ளும் கொஞ்ச நேரம் எடுத்துத்தான் வருகிறது.

மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்களுக்குப் பிற்பகல் மூன்று மணியை அண்டிச் சில நிமிடம் படம் போகலாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிற நேரம் அது. அந்த நேரத்தில் வெளியே போய் டிஷ்ஷைப் பாருங்கள். மரத்து நிழல் அதன் மேலே விழுந்தால், மறைப்பது அந்தக் கிளைதான், அதை வெட்டினால் போதும்.

டிஷ்ஷைத் தொட முன் பின்பக்கத்தில் குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கராயனில் தொல்லை குரங்கு, கையில் தொங்கி ஊஞ்சலாடுமாம். அதற்கு அந்த அம்மா ஒரு வேலை செய்திருக்கிறார். படம் நன்றாக வந்த அன்றே மகளின் நகப்பூச்சை எடுத்து, பிடியில் இருந்து குழாய் வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டார். குரங்கு திருப்பினாலும் காற்று திருப்பினாலும், கோட்டுக்கு நேரே கோடு வரும்வரை திருப்பி நட்டை இறுக்குகிறார்கள்.