படகு போன பிறகும் பிள்ளையைப் படிக்கவிட்ட வாப்பா

யாழ்ப்பாணத்தாருக்கு இராமேஸ்வரம் அயலூர் மாதிரித்தான். 1984 வரை தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே கப்பல் ஓடியது. அந்த ஊரின் பிள்ளை அப்துல் கலாம் 2012 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது நம் மாணவர்கள் திரண்டு போய் அவர் பேச்சைக் கேட்டார்கள். விஞ்ஞானி கலாமைப் பற்றியும் ஜனாதிபதி கலாமைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். வியாபாரப் பக்கத்தில் எழுத வேண்டியவர் அவருடைய வாப்பா மர்ஹூம் ஜைனுலாப்தீன் மரைக்காயர் என்பது என் எண்ணம்.

அவர் பெரிய படிப்புப் படித்தவரல்லர், பெரிய பணக்காரருமல்லர். பள்ளிவாசல் தெருவில் பரம்பரை வீடு. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தொழுதுவிட்டு நாலு மைல் தூரத்திலிருந்த தங்கள் சிறிய தென்னந்தோப்புக்கு நடந்து போவார். ஏறக்குறைய ஒரு டசின் தேங்காயைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் காலைச் சாப்பாடு. அறுபது வயதைத் தாண்டிய பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை என்று மகன் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். வீட்டில் ஆடம்பரம் கிடையாது. ஆனால் உணவுக்கோ உடுப்புக்கோ மருந்துக்கோ பிள்ளைகள் குறைப்பட்டதில்லை. சொந்தக் குடும்பத்தாரைவிட வெளியாட்களே அந்த வீட்டில் அதிகமாகச் சாப்பிட்டார்களாம். நம் வீடுகளிலும் முன்பு அப்படித்தானே இருந்தது.

கலாமுக்கு ஆறு வயதிருக்கும்போது, அதாவது 1937-38 அளவில், வாப்பா கடற்கரையிலேயே ஒரு மரப்படகு கட்டத் தொடங்கினார். கூடமாட உதவியவர் அகமது ஜலாலுத்தீன் என்ற உறவினர். அவரே பின்னர் மருமகனானார். இராமேஸ்வரம் கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப் போய்த் திருப்பிக் கொண்டுவருவதுதான் தொழில். வியாபாரக் கண்ணால் பாருங்கள். ஊருக்கு வரும் கூட்டம் எது, அதற்கு என்ன தேவை என்று கண்டு, அதற்கேற்ற தொழிலைத் தன் கையாலேயே உண்டாக்கியிருக்கிறார். வாடிக்கையாளர் முழுவதும் இந்துக்கள். கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரி அவருக்கு உற்ற நண்பர். சோனகர் தெருவிலிருந்து கடை நடத்திய நமக்கு இது புதிதல்ல.

படகு நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தபோதே ஒரு நாள் மணிக்கு நூறு மைல் வேகத்துக்கு மேல் அடித்த புயல் அதைக் கொண்டு போய்விட்டது. காலையில் முதலாளி, மாலையில் வெறுங்கை என்பது என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது பூட்டிய கடைகள் எத்தனை! புத்தளத்தில் பாயை விரித்து ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியவர்கள் நம் வாப்பாமார்.

இப்படி விழுந்த ஒரு வியாபாரி அடுத்ததாகச் செய்வது என்ன? பெரும்பாலும் வீட்டில் வளர்ந்த பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்துக் கல்லாவில் உட்கார வைப்பதுதான். சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே கடைக்கு வந்தவர்கள் நம் வயதில் எத்தனை பேர்! குற்றம் சொல்லவில்லை, அடுப்பு எரிய வேண்டுமே. ஆனாலும் வசதி வந்த பிறகும் அதே வழக்கத்தை விடாதிருப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம்தான்.

அந்த வீட்டிலும் பிள்ளைகள் உழைக்காமலில்லை. 1939இல் உலக யுத்தம் தொடங்கிய பின் சந்தையில் புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. சிறுவன் கலாம் அதைப் பொறுக்கி விற்று நாளுக்கு ஓர் அணா சம்பாதித்தார். இராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்கினார். மூத்த சகோதரர் முஸ்தபா கமாலின் பலசரக்குக் கடையிலும் லீவில் நின்று வியாபாரம் பார்த்தார். அந்தக் கடையில் வேகமாக விற்றுப் போனவை சிகரெட்டும் பீடியும்தானாம்! கடைப்பழக்கம் உண்டு, கடை கட்டாயமில்லை. இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போக மகன் ஆசைப்பட்டதும் வாப்பா தடுக்கவில்லை. தயங்கிய உம்மாவையும் அவரே சமாதானப்படுத்தினார். மகன் கலெக்டராக வேண்டும் என்பது அவர் விருப்பம். அது நடக்கவில்லை. அதற்காக மகனை மடக்கவும் இல்லை.

சென்னையில் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. வாப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. ஜலாலுத்தீனின் மனைவியான சகோதரி ஸொஹரா தன் தங்கக் காப்பையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

பணம் வரும் வழி அந்த வாப்பாவுக்கு இல்லாமலில்லை. சுதந்திரம் வந்த காலத்தில் அவர் பஞ்சாயத்துத் தலைவராகத் தெரிவானார். ஒருநாள் அவர் தொழப் போயிருந்தபோது ஒருவர் வெள்ளித் தட்டில் வேட்டி, பழம், இனிப்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சிறுவன் கலாம் விவரம் தெரியாமல் கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். திரும்பி வந்த வாப்பா மகனை அடித்துவிட்டார். அதுதான் அவர் மகன்மீது கை வைத்த முதல் தடவை. பின்னர் அணைத்துக்கொண்டு, பதவியில் இருப்பவனுக்கு இறைவன் தரும் வாழ்வாதாரத்துக்கு மேல் எதைப் பெற்றாலும் அது தகாத வருமானம் என்ற ஹதீஸைச் சொல்லி விளக்கினார். கச்சேரியிலும் நகரசபையிலும் 'சின்ன அன்பளிப்பு' நீட்டிப் பழகிய நம் கை இந்த இடத்தில் கொஞ்சம் கூசத்தான் செய்யும்.

படகின் இடத்தை வேறு பெரிய தொழில் எதுவும் நிரப்பியதாக மகனின் நூலில் இல்லை. 1964 டிசம்பரில் மற்றொரு புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. ஜைனுலாப்தீன் 1976இல், 102 வயதில், அதே இராமேஸ்வரத்தில் வபாத்தானார். மகன் தலைமை தாங்கிய எஸ்.எல்.வி. ரொக்கட் வெற்றிகரமாகப் பறந்தது 1980 ஜூலையில்தான்.