வார் அறுந்தால் கருவியை எறிவதா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

முன்னுரை

செருப்பின் வார் அறுந்தால் தெருமுனைத் தொழிலாளியிடம் கொடுத்துத் தைத்துக் கொள்கிறோம். சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்தால் பஞ்சர் ஒட்டிக் கொள்கிறோம். குடைக் கம்பி ஒடிந்தால்கூட அதைச் சரி செய்பவரைத் தேடிச் செல்கிறோம். ஆனால் கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்டின் வார் அறுந்துவிட்டால் மட்டும், உள்ளே கருவி நல்ல உயிரோடு இருக்கும்போதே, அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மறந்துவிடுகிறோம். இது சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. என் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தபோது, நாள்தோறும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அவருக்கு ஒரு பேண்ட் வாங்கிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கும் அவர், அதில் தெரியும் எண்ணை மட்டும் தாமே படித்து, “இன்னைக்கு ஆறாயிரத்தைத் தாண்டிடுச்சுப்பா” என்று இரவில் சொல்வார். எட்டாவது மாதத்தில் வார் அறுந்தது. வாங்கிய கடையில், “ஸ்ட்ராப் தனியா வராது தம்பி, புதுசுதான் வாங்கணும்” என்றார்கள். எண்ணுவது நின்றது, சில வாரங்களில் நடப்பதும் நின்றது. அறுந்தது ஒரு வார்தான்; அதனோடு அறுந்தது ஒரு நல்ல பழக்கம்.

வார் அலங்காரப் பொருளா?

அடிகளை எண்ணும் கருவி புதிதன்று. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதை அடுத்து 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் ‘மான்போ-கெய்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பது அப்பெயரின் பொருள். அதனை இடுப்பில் அணிந்தார்கள். 2009-இல் வெளிவந்த ஃபிட்பிட் நிறுவனத்தின் முதற்கருவியும் உடையில் செருகிக் கொள்ளும் வகையே. அந்நிறுவனத்தின் ‘ஃப்ளெக்ஸ்’ 2013-இலும், ஷவ்மி நிறுவனத்தின் ‘மி பேண்ட்’ 2014-இலும் வந்தன. இவற்றைப் போன்ற கருவிகளால் எண்ணும் வேலை மணிக்கட்டுக்கு இடம் மாறியது. அன்று முதல் வாருக்கும் பொறுப்புக் கூடிவிட்டது.

அடிகளை எண்ணுவது உள்ளே இருக்கும் நுண்ணிய முடுக்கமானி. நாடித் துடிப்பை அளப்பதோ பின்புறமுள்ள பச்சை விளக்கு. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலடியில் இரத்தத்தின் அளவு சற்றுக் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கருவி நாடியைக் கூறுகிறது. வார் தளர்ந்து கருவி தோலை விட்டு விலகினால் வெளிவெளிச்சம் உள்ளே புகுந்துவிடும், கணக்கும் தவறும். எனவே வார் வெறும் அலங்காரப் பொருளன்று. அளக்கும் கருவியின் ஓர் உறுப்பே ஆகும்.

வார் அறுவது ஏன்?

முதற் காரணம் துளைகள். பெரும்பாலான வார்கள் நாம் வழக்கமாகப் பூட்டும் துளையில்தான் அறுகின்றன. அகன்ற தகடு ஒன்றை இரு பக்கமும் இழுத்தால், அதிலுள்ள சிறிய வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று ஜெர்மன் நாட்டுக் கிர்ஷ் 1898-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். துளை கூராக நீண்டிருந்தால் தகைவு இன்னும் மிகும் என்பதை இங்கிலாந்தின் இங்லிஸ் 1913-இல் நிறுவினார். ரப்பர் போல் நெகிழும் வாருக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆயினும் அடிப்படை ஒன்றே. துளையோரத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு முறை பூட்டும்போதும் அது தானாகவே நீண்டு கொண்டு போகும்.

இரண்டாவது காரணம் பொருளின் தன்மை. விலை குறைந்த வார்களில் பல, பாலியூரித்தேன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றுள் எஸ்டர் பிணைப்பு உள்ள வகை, வெப்பமும் ஈரமும் சேரும்போது நீராற்பகுப்பு அடைகிறது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டு துண்டாகின்றன. வார் பிசுபிசுத்துப் பின் வெடிக்கிறது. வேர்த்த கையும் வெயிலும் நிறைந்த நம் ஊரில் இது விரைவாக நடப்பதில் வியப்பில்லை. சிலிக்கோன் வார் வேறு வகை. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி அமைந்த சங்கிலி அதன் முதுகெலும்பு. எனவே அது வெயிலையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும். ஆனால் ஓரிடத்தில் சிறு வெட்டு விழுந்துவிட்டால் எளிதில் கிழிந்துவிடும்.

மூன்றாவது காரணம் நாமே பூசுபவை. கொசு விரட்டிகள் சிலவற்றில் உள்ள ‘டீட்’ என்ற வேதிப்பொருள் பலவகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கும் இயல்புடையது. அதைக் கையில் தடவி, அதன்மேல் பேண்டைக் கட்டுவது வாருக்கு நாமே நஞ்சூட்டுவது போன்றது.

முதலில் நோயை அறிக

‘நோய்க்குத் தக்க மருந்து’ என்பது இங்கும் பொருந்தும். வார் கழன்று வந்தவுடன் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. கருவியோடு வாரை இணைக்கும் ஸ்பிரிங் பின், வியர்வையின் உப்பால் துருப்பிடித்து ஒடிந்திருக்கலாம். அப்படியானால் வாரே நன்றாக இருக்கும். பின்னை மாற்றினால் போதும். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் பல அளவுகளில் இது கிடைக்கும். வாரின் நுனியைச் செருகும் சிறு வளையம் மட்டும் அறுந்திருந்தால், பழைய வார் ஒன்றிலிருந்து வளையத்தைக் கழற்றிப் போட்டுக் கொள்ளலாம். வாரே அறுந்திருந்தால் புது வார் தேவை. வார் மாட்டும் காதுப் பகுதி கருவியிலேயே உடைந்திருந்தால்தான் சிக்கல் பெரிது.

பசையை நம்பலாமா?

நான் முதலில் செய்த தவறு இதுதான். உடனடியாக ஒட்டும் பசையை வாங்கி வந்து ஒட்டினேன். இரண்டாம் நாளே வார் விட்டுப் போயிற்று. அப்பாவின் மணிக்கட்டும் சிவந்து தடித்தது. காரணத்தைப் பின்னர்தான் படித்தறிந்தேன். சயனோஅக்ரிலேட் எனப்படும் அப்பசையை 1942-இல் அமெரிக்காவின் ஹாரி கூவர் குழுவினர் முதன்முதலாகக் கண்டபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டிக் கொள்கிறது என்பதாலேயே அதை ஒதுக்கி வைத்தனர். அப்பேர்ப்பட்ட பசையும் சிலிக்கோனிடம் தோற்றுப் போகிறது; அதன் மேற்பரப்பு எதையும் எளிதில் பற்றவிடுவதில்லை. மேலும் இப்பசை காய்ந்தபின் கண்ணாடிபோல் விறைத்துவிடும்; வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் நொறுங்கும். நொறுங்கிய துகள் தோலை உறுத்தும்.

ஊசி நூலால் தைப்பதும் பயன் தராது. ஒவ்வோர் ஊசித் துளையும் புதிய வெடிப்புக்கு வாசலாகிவிடும். ஆகவே, அறுந்த வாரை ஒட்டுவதைவிட மாற்றுவதே முறை.

மாற்று வார் தேடும் முறை

வார் பொருந்தும் விதத்தைக் கொண்டு பேண்டுகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கைக்கடிகாரத்தைப் போலவே இரு காதுகளுக்கிடையே ஸ்பிரிங் பின்னால் பொருத்தப்படுவது. இதற்கு வார் கிடைப்பது மிக எளிது. காதுகளுக்கிடையே உள்ள இடைவெளியே வாரின் அளவு. 18, 20, 22 மி.மீ. ஆகியவை பெரிதும் வழங்கும் அளவுகள். இந்த அளவுக்கு எந்த நிறுவனத்தின் வாரும் பொருந்தும். சில வார்களில் பின்னோடு சிறு நெம்புகோல் ஒன்றும் இருக்கும்; நகத்தால் தள்ளினாலே கழன்றுவிடும்.

இரண்டாம் வகை, நிறுவனம் தனக்கென அமைத்துக் கொண்ட கொக்கி உடையது. இதில் மாடல் எண்ணே முக்கியம். மி பேண்ட் 3-க்கும் 4-க்கும் ஒரே வார் பொருந்தும். 5-க்கும் 6-க்கும் வேறு ஒரு வார். 2023-இல் வந்த 8-ஆம் பேண்டில் பொருத்தும் முறையே மாறிவிட்டது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்கினால் பணம் வீண். மாடல் எண்ணைக் கைப்பேசிச் செயலியிலோ, கருவியின் பின்புறத்திலோ, பெட்டியிலோ பார்த்துக் குறித்துக் கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, வாரும் கருவியும் ஒன்றாகவே ஒட்டப்பட்டது. 2015-இல் வந்த ஃபிட்பிட் ‘சார்ஜ் எச்.ஆர்.’ இவ்வகை. அணிபவர் அதன் வாரை மாற்ற இயலாது. 2016-இல் வந்த ‘சார்ஜ் 2’-இல் வாரைக் கழற்றி மாற்றும்படி அமைத்தனர். புதிதாகப் பேண்ட் வாங்குவோர் திரையையும் நிறத்தையும் பார்க்கும் முன், “வார் தனியாகக் கழலுமா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

எந்தப் பொருளால் ஆன வார்?

விளையாடுவோருக்கும் வெயிலில் உழைப்போருக்கும் சிலிக்கோன் ஏற்றது, கழுவுவது எளிது. நைலான் துணி வாரில் துளைகளே இல்லாத வகையும் உண்டு. ஒட்டிக் கொள்ளும் பட்டையால் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அது வியர்வையை உறிஞ்சி வைத்திருக்கும். அடிக்கடி துவைத்து உலர்த்த வேண்டும். தோல் வார் அழகானது; வியர்வைக்கு ஆகாது. உலோக வார் உழைக்கும். ஆனால் நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பு உண்டாகலாம்.

தோல் அழற்சியை எளிதாக எண்ணலாகாது. 2014-இல் ஃபிட்பிட் தன் ‘ஃபோர்ஸ்’ பேண்டை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது இக்காரணத்தால்தான். இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தார் 22 கடிகார வார்களைச் சோதித்து, 2024-இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 15-இல் ஃப்ளோரின் மிகுந்திருந்தது. ஃப்ளோரின் சேர்ந்த செயற்கை ரப்பர் வார்களில், இயற்கையில் எளிதில் சிதையாத ஒரு வேதிப்பொருள் இருப்பதையும் கண்டனர். விலை உயர்ந்த வார்களில்தான் இது மிகுதி. விலை கூடினால் தரமும் கூடும் என்று எண்ணுவது எப்போதும் சரியன்று.

நமக்குள்ள உரிமை

உத்தரவாதக் காலத்துக்குள் வார் அறுந்தால் பில்லோடு முதலில் விற்றவரையும் நிறுவனத்தின் சேவை மையத்தையும் அணுக வேண்டும். வாருக்கு உத்தரவாதம் உண்டா என்பது அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கச் சோம்பலாகாது. குறை தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பொருள்களைப் பழுது பார்த்துக் கொள்ளும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசு 2022-இல் ஒரு குழுவை அமைத்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. கருவியே செத்துவிட்டால் குப்பைத் தொட்டியில் எறிதல் தவறு. உள்ளே லித்தியம் மின்கலம் உள்ளது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

வருமுன் காத்தல்

நாள்தோறும் ஒருமுறை வாரைக் கழற்றி நல்ல நீரில் அலசித் துடைத்து, கையும் வாரும் உலர்ந்தபின் கட்டுக. இறுக்கிக் கட்டாமல், கருவி தோலில் படியும் அளவுக்கு மட்டும் கட்டுக. வாரைப் பின்புறமாக மடக்காதீர். மாதம் ஒருமுறை துளைகளைச் சற்றே விரித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அறும்வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். வழியில் அறுந்து கருவியும் தொலைந்தால், மாற்று வார் தேடவும் வேலை இல்லாமற் போகும்.

முடிவுரை

முதலாம் ஆண்டில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தபோது, இது பின்னாளில் எதற்கு உதவும் என்று நண்பர்களோடு கேலி பேசியதுண்டு. பேராசிரியரின் அனுமதி பெற்று, ஒரு மாலை அதே காலிப்பரின் உள்தாடைகளை அப்பாவின் பேண்டின் காதுகளுக்கிடையே வைத்தேன். முதன்மைக்கோல் 18 மி.மீ.; வெர்னியர் ஒன்றுபடும் கோடு 1; மீச்சிற்றளவு 0.1 மி.மீ.; ஆக 18.1 மி.மீ. அப்படியானால் கடைகளில் வழங்கும் 18 மி.மீ. வாரே பொருந்த வேண்டும்! ‘தனியா வராது’ என்று சொல்லப்பட்ட வார், பேருந்து நிலையத்தருகே சிறு கண்ணாடிப் பெட்டியை வைத்துக் கொண்டு கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவரிடம் தொங்கிக் கொண்டிருந்தது. கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிய அவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்து, “இது நாப்பது வருசமா நான் பாக்கிற வேலைதாம்பா” என்றார்.

கருவி புதியது, ஆனால் அதைத் தாங்கும் பின்னும் வாரும் பழையவைதாம். அவற்றை அறிந்த கைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டு இழுப்பறையிலும் இப்படி ஒரு கருவி உறங்கினால், ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அளந்து பாருங்கள், கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பா மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டார். நேற்று இரவு அவர் சொன்ன எண் 7,240.