கணிப்பொறி தளர்வது ஏன்?

காரணமின்றிக் காரியம் நிகழ்வதில்லை என்பது தருக்க நூலார் துணிபு. உடம்பிற் காய்ச்சல் தோன்றினால், அக்காய்ச்சலே நோய் என்று கருதுவது பொருந்தாது. அஃது உள்ளே மறைந்திருக்கும் நோயின் அறிகுறியே ஆகும். இவ்வுண்மை மனிதன் ஆக்கிய பொறிகளுக்கும் பொருந்தும். நேற்றுவரை விரைந்து பணிபுரிந்த வீட்டுக் கணிப்பொறி இன்று திடீரெனத் தளர்ந்து, தட்டிய எழுத்தைச் சிறிது நேரங் கழித்தே திரையிற் காட்டுமாயின், அத்தளர்ச்சியும் ஓர் அறிகுறியே.

அந்நிலையில் மக்கள் செய்வன பெரும்பாலும் இரண்டு. சிலர், பொறி பழையதாயிற்று என்று கூறிப் புதியதொன்றை வாங்கப் பொருள் தேடுவர். வேறு சிலர், கண்ணிற் பட்ட கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டுச் சுமை குறைந்தது என்று மகிழ்வர். முன்னதனால் பணம் வீணாதல் கூடும்; பின்னதனால் அரிதின் முயன்று சேர்த்த செய்திகள் அழிதல் கூடும். இருவரும் நோயை அறியாமல் மருந்து தேடுவோரே. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவனுக்கு வகுக்கும் ஒழுங்கு, ஆராய்ச்சி முன்னும் மருத்துவம் பின்னுமாக அமைவது. அவ்வொழுங்கே கணிப்பொறிக்கும் ஏற்றது.

மூன்று உறுப்புகள்

ஆராயப் புகுமுன் பொறியின் உறுப்புகளை அறிதல் வேண்டும். அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் அமர்ந்து பணிபுரிகின்றார். அவர் முன்னே மேசை ஒன்று உளது. அறையின் மூலையிற் பெரியதொரு பேழை உளது. பேழையில் எல்லா ஏடுகளும் உள்ளன. அன்றைய பணிக்கு வேண்டிய ஏடுகளை மட்டும் எடுத்து மேசைமேற் பரப்பிக்கொண்டு அவர் எழுதுகின்றார். கணிப்பொறியில் எழுத்தராவது மையச் செயலகம், மேசையாவது நினைவகம், பேழையாவது வன்தட்டு.

நினைவகம் ஒரு செய்தியை எடுத்துத் தருவதற்கு ஆகும் காலம், ஒரு நொடியைக் கோடிக் கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறு எனலாம். வன்தட்டோ சுழலும் இயல்பினது. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டிலும், வேண்டிய செய்தி இருக்கும் இடம் வந்து சேர்வதற்கு நொடியில் நூற்றிலொரு கூறு அளவிற்குக் காலம் ஆகும். எனவே மேசையிலிருந்து ஓர் ஏட்டை எடுக்க ஒரு நொடி ஆகுமெனின், பேழையிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கும் மேலாகும். கணிப்பொறியின் தளர்ச்சிகளுட் பல இவ்வேறுபாட்டிலேயே பிறக்கின்றன.

மேசை நிறைந்துவிட்டால் எழுத்தர் யாது செய்வார்? ஓர் ஏட்டைப் பேழையில் வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்து வருவார். நினைவகம் நிறைந்த பொழுது வன்தட்டில் ஒரு பகுதியை நினைவகம்போற் பயன்படுத்தும் இம்முறை, இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் கணிப்பொறியில் சுழலும் உருளையைக் கொண்டு நிறைவேற்றப்பட்டது. இஃது அரியதொரு முறையே. ஆயினும் அளவு கடந்தால் இடர் விளையும். எழுத்தர் ஏடுகளை மாற்றி மாற்றி எடுத்து வருவதிலேயே பொழுதெல்லாம் கழிந்து, எழுதும் பணி நின்றுவிடும். பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1968இல் இந்நிலையின் காரணத்தையும் அதனைத் தடுக்கும் வழியையும் ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். உலாவியில் ஐம்பது பக்கங்களைத் திறந்து வைத்துப் பொறி நகரவில்லை என்று வருந்துவோர் இன்றும் காண்பது இந்நிலையையே.

ஆராயும் முறை

முதற்கண், தளர்ந்தது கணிப்பொறியா, இணையத் தொடர்பா என்று தெளிதல் வேண்டும். தொடர்பு வேண்டாத ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால் இஃது எளிதில் விளங்கும். அது விரைவாகத் திறக்குமாயின், பெரும்பாலும் குறை பொறியில் இல்லை.

இரண்டாவதாக, அண்மையில் நேர்ந்த மாறுதல் யாது என நினைவுகூர்தல் வேண்டும். புதிய நிரல் ஒன்று சேர்க்கப்பட்டதா? பொறி கீழே விழுந்ததா? இயக்க முறைமை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பணியில் ஈடுபட்டிருக்கின்றதா? புதுப்பித்தலாயின் அது முடியும்வரை பொறுத்திருத்தலே மருந்து.

மூன்றாவதாக, பொறியை மறுதொடக்கம் செய்தல் வேண்டும். ஈண்டு நுட்பம் ஒன்று உண்டு. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு செயற்படும் பொறிகளில், பொறியை நிறுத்தினாலும் இயக்க முறைமையின் உட்பகுதி தன் நிலையை வன்தட்டிற் பதிந்து வைத்து, மறுநாள் அந்நிலையையே மீண்டும் கொணரும். மறுதொடக்கம் என்னும் கட்டளையே அனைத்தையும் புதிதாகத் தொடங்குவது. ஆதலின் நாடோறும் நிறுத்தி இயக்குவதால் நீங்காத தளர்ச்சி, ஒருமுறை மறுதொடக்கம் செய்தவுடன் நீங்குதல் உண்டு.

தளர்ச்சி பின்னும் நீடிக்குமாயின் அளந்தறிதல் வேண்டும். விண்டோஸ் பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். மேக் பொறியில் அப்பணியை ஆக்டிவிட்டி மானிட்டர் செய்யும். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது இது. மையச் செயலகத்தின் எண் நூற்றுக்கு நூறை அடைந்து அங்கேயே நிற்குமாயின், ஏதோ ஒரு நிரல் அதனை ஓயாது உழைப்பிக்கின்றது. அதன் பெயரும் அப்பட்டியலிலேயே காணப்படும். நினைவகத்தின் எண் நூற்றை நெருங்கி, வன்தட்டும் இடையறாது உழைக்குமாயின், மேசை நிறைந்த நிலை அது. வேண்டாத நிரல்களை மூடுதலும், பொறி தொடங்கும்பொழுதே தாமாக எழுந்து நிற்கும் நிரல்களைத் தடுத்தலும் பயன்தரும். செயலகத்தின் வேகம் அதற்குரிய அடிப்படை அளவினும் மிகத் தாழ்ந்து, பொறியும் சுடுமாயின், தூசி அடைத்தமையால் விசிறி தன் பணியைச் செய்ய இயலவில்லை என்று ஐயுறலாம். வெப்பம் மிகுந்தால் மையச் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே வேண்டுவது புதிய பொறி அன்று, தூசி போக்குதலே.

நச்சுநிரல்

பட்டியலில் இன்னதென்று அறிய இயலாத நிரல் ஒன்று ஓயாது இயங்குமாயின், நச்சுநிரலோ என்று ஐயுறுதல் தகும். 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் மாலையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கணிப்பொறிகள் பல திடீரெனத் தளரத் தொடங்கின. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இராபர்ட் மாரிஸ் என்பார் இணையத்தில் விடுத்த நிரலே அதற்குக் காரணம். அது கோப்பு எதனையும் அழிக்கவில்லை. ஆயினும், தான் முன்னரே புகுந்த பொறியிலும் ஏழு முறைக்கு ஒரு முறை மீண்டும் குடியேறுமாறு அமைக்கப்பட்டிருந்தமையால், ஒரே பொறியில் அதன் படிகள் பெருகிப் பெருகிப் பொறியை முடக்கின. நிறுத்தித் தொடங்கிய பொறிகளையும் அண்டைப் பொறிகளிலிருந்து அது மீண்டும் வந்து பற்றியது. வல்லுநர்கள் அந்நிரலைப் பிரித்து ஆராய்ந்து, அது நுழைந்த வாயில்களைக் கண்டு அடைத்த பின்னரே தொல்லை ஒழிந்தது. ஐயம் எழுந்தவிடத்து இணையத் தொடர்பைத் துண்டித்து, நம்பத்தக்க நச்சுநிரல் தடுப்பானைக் கொண்டு பொறியை முற்றும் சோதித்தல் வேண்டும்.

காலந்தாழ்த்தலாகாத ஒன்று

காரணங்கள் பலவற்றுள் ஒன்று மட்டும் சிறிதும் காலந்தாழ்த்தலாகாதது. செயலகம் ஓய்ந்திருக்கின்றது, நினைவகத்தில் இடமும் இருக்கின்றது, ஆயினும் வன்தட்டின் எண் நூறிலேயே நிற்கின்றது, அதிலிருந்து வரும் செய்தியின் அளவோ மிகச் சிறிது. சில வேளைகளில் உள்ளிருந்து டக், டக் என்னும் ஒலியும் எழுகின்றது. வன்தட்டு பழுதடைந்து, படிக்க இயலாத இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதன் அறிகுறிகள் இவை. இந்நிலையில் கோப்புகளை ஒழுங்குபடுத்துதலும் பொறியைத் துப்புரவு செய்தலும் நலிந்தவன் தலையிற் சுமை ஏற்றுவது போலாகும். குழந்தையின் முதற் புன்னகையைக் காட்டும் படமும், மறைந்த பாட்டனாரின் குரற்பதிவும் அத்தட்டிலேயே இருத்தல் கூடும். பொறியை மீண்டும் வாங்கலாம். அவற்றை எக்கடையிலும் வாங்க இயலாது. ஆதலின் ஆராய்ச்சியையும் நிறுத்திவிட்டு, வேறொரு தட்டிற்கு அவற்றைப் படியெடுத்தலே முதற்கடமை. படியெடுத்த பின்னர்ப் பழுதான தட்டை நீக்கி, சுழலும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திண்மச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், பழைய பொறியே புதியது போல விரைந்து இயங்குதல் கண்கூடு.

நிறைவாக ஒன்று கருதத்தக்கது. மருந்துகள் பலவற்றை ஒருங்கே உண்டவன் எம்மருந்தால் நோய் தீர்ந்தது என்று அறியான். அதுபோல மாற்றங்கள் பலவற்றை ஒருங்கே செய்தல் ஆகாது. ஒன்றைச் செய்து, பயனை நோக்கி, அதன் பின்னரே அடுத்ததைச் செய்தல் வேண்டும். இவ்வாறு செய்பவர் இன்றைய தளர்ச்சியை நீக்குவதோடு, நாளை வருவதை எதிர்கொள்ளும் அறிவையும் பெறுவர். பதற்றம் பொருளையும் செய்தியையும் இழக்கச் செய்யும். பொறுமையுடன் கூடிய ஆராய்ச்சி அவ்விரண்டையும் காக்கும்.