கையெழுத்துப் போட மறுத்த பெண் டாக்டர்!

அது ஒரு தூக்க மாத்திரை. பெயர் தாலிடோமைடு. மேற்கு ஜெர்மனியில் கிரூனென்தால் என்ற கம்பெனி அதைத் தயாரித்தது. 1957-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி அது கடைக்கு வந்தது.

எலிகளுக்கு நிறையக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் சாகவில்லை. ஆகவே ஆபத்து இல்லாத மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்தது. தூக்கம் வராதவர்கள் வாங்கினார்கள். மசக்கையால் வாந்தி எடுத்த கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள். 40-க்கு மேற்பட்ட நாடுகளுக்கு அந்த மாத்திரை போயிற்று.

பிறகுதான் விபரீதம் தெரிந்தது.

பிஞ்சுக் குழந்தைகள்

தோளில் இருந்து நேராக விரல் முளைத்ததுபோலக் குழந்தைகள் பிறந்தன. சில குழந்தைகளுக்குக் கால் இல்லை. சில குழந்தைகளுக்குக் காது இல்லை. இன்னும் சிலருக்கு இதயத்தில் கோளாறு.

கரு உண்டான 3-வது வாரத்தில் இருந்து 5-வது வாரம் வரை, குழந்தையின் காது, கை, கால் எல்லாம் உருவாகத் தொடங்குகின்றன. அந்த நாட்களில் ஒரே ஒரு மாத்திரை விழுங்கினாலும் போதும். வளர்ச்சி கெட்டுவிடும். தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்கு அப்போது தெரிந்திருக்காது! அந்தத் தாய்மார்கள் மீது என்ன குற்றம்?

ஹாம்பர்க் நகரக் குழந்தை டாக்டர் லென்ஸ், தாய்மார்களிடம் விசாரித்தார். மாத்திரைதான் காரணம் என்று சந்தேகித்தார். 1961 நவம்பரில் கம்பெனியை எச்சரித்தார். ஆஸ்திரேலியாவில் டாக்டர் மெக்பிரைடும் அதையே சொன்னார். அந்த மாதக் கடைசியில் ஜெர்மனியில் விற்பனை நின்றது. உலகம் முழுவதும் சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. கிரூனென்தால் கம்பெனி மன்னிப்புக் கேட்டது 2012-ல்தான்!

அசையவில்லை

அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டு, 1960 செப்டம்பரில் வேறொரு கம்பெனி மனுப் போட்டது. மனு, பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் டாக்டரிடம் வந்தது. அவருக்கு வயது 46. அரசாங்க வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

60 நாளில் மறுப்புச் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்தது போல ஆகிவிடும். அப்படித்தான் அன்றைய சட்டம் இருந்தது.

கெல்சி மறுத்தார். சோதனை விவரம் போதாது என்றார். கம்பெனி மேலும் விவரம் கொடுத்தது. அதுவும் போதாது என்றார். இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குக் கை, கால் மரத்துப்போவதாகப் பிரிட்டனில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். கெல்சி அதைப் படித்தார். பெரியவர்களின் நரம்பையே கெடுக்கும் மருந்து, வயிற்றில் இருக்கும் சிசுவை என்ன செய்யும் என்று கேட்டார். கம்பெனி ஆட்கள் நச்சரித்தார்கள். மேல் அதிகாரியிடம் புகார் செய்தார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை.

அவருக்குப் பழைய அனுபவம் உண்டு. 1937-ல் அமெரிக்காவில் ஒரு நல்ல மருந்தை, விஷத் திரவத்தில் கலக்கி விற்றுவிட்டார்கள். 100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். அதை ஆராய்ந்த சிகாகோ ஆராய்ச்சிக்கூடத்தில் கெல்சி அப்போது மாணவி.

1962 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடி அவருக்குப் பதக்கம் அணிவித்தார். 2015-ல், 101 வயதில் கெல்சி காலமானார்.

மாத்திரை சாகவில்லை

தாலிடோமைடு இன்றும் இருக்கிறது! தொழுநோயில் உண்டாகும் ஒருவகைக் கடும் வீக்கத்துக்கும், எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் அது உதவுகிறது. பெண்களுக்குக் கொடுக்கும்போது, கர்ப்பம் இல்லை என்று சோதித்த பிறகே கொடுக்கிறார்கள்.

இந்தியாவில், மருந்தினால் வரும் கெடுதல்களைப் பதிவு செய்ய 2010-ல் ஒரு திட்டம் தொடங்கியது. நோயாளியே 1800-180-3024 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை. மாத்திரை சாப்பிட்டதும் முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போக வேண்டும்.