நான்கு பெயர் பூண்ட கப்பல்

நம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் பழைய லாரி ஒன்று கைமாறினால், புதிய சொந்தக்காரர் முதற்காரியமாக முகப்பிலுள்ள பெயரை அழித்துவிட்டுத் தம் குலதெய்வத்தின் பெயரையோ அண்ணாமலையார் திருநாமத்தையோ எழுதச் செய்வார். இயந்திரமும் சக்கரங்களும் பழையபடியே இருக்கும். கோடிக்கணக்கில் பொருள் செலவிட்டுக் கட்டப்படும் யுத்தக் கப்பல்களும் இவ்வாறே கைமாறுகின்றன என்பது, சமுத்திரத்துக்கு வெகுதூரத்தில் வசிக்கும் நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. மூன்று தேசங்களின் கடற்படைகளில் ஊழியம் செய்து, முடிவில் சிலப்பதிகாரம் குறிப்பிடும் ஓர் அரசனின் பெயரைத் தாங்கிய சிறு கப்பல் ஒன்றின் சரித்திரம் இது.

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் பிரிட்டனுக்கு உணவும் தளவாடமும் சுமந்து சென்ற வாணிகக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் வேட்டையாடிய காலத்தில், அவற்றுக்குக் காவலாக முதலில் அனுப்பப்பட்டவை, திமிங்கில வேட்டைக் கப்பலின் அமைப்பைத் தழுவிக் கட்டிய ‘கார்வெட்’ என்னும் சிறு கலங்கள். பேரலைகளில் அவை தத்தளித்த தத்தளிப்பு மாலுமிகளை வாட்டி எடுத்தது. ஆகவே வில்லியம் ரீட் என்னும் கப்பல் நிபுணர் 301 அடி நீளமும் ஏறக்குறைய 1,400 டன் எடையும் உடைய ‘ரிவர்’ வகைக் கப்பலை வகுத்தார். ‘ஃபிரிகேட்’ என்ற பழைய பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் வேகம் 20 நாட், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்தான். நுட்பமான டர்பைன்களைச் சாதாரணக் கப்பல் பட்டறைகளில் செய்ய இயலாதாகையால், வாணிகக் கப்பல்களில் பழகிப்போன, பிஸ்டன் ஏறியிறங்கும் நீராவி இயந்திரங்களையே அதில் பொருத்தினார்கள். அவசரத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் இவ்வகைக் கப்பல்களுக்குத் தீர்க்காயுளைத் தந்தது என்பது என் அபிப்பிராயம். எந்தத் துறைமுகத்திலும் ஓர் அனுபவசாலியான மெக்கானிக் செப்பனிடக்கூடிய இயந்திரம், வசதி குறைந்த தேசங்களுக்கும் ஏற்றதாக இருந்தது.

அதன் ஆயுதங்களுள் விசேஷமானது ‘ஹெட்ஜ்ஹாக்’. முன்னெல்லாம் கப்பலின் பின்புறத்திலிருந்து வீசிய வெடிகள் குறித்த ஆழத்தில் வெடித்துக் கடலையே கலக்கிவிடும். அந்த ஆரவாரத்தில், ஒலியைக் கொண்டு நீர்மூழ்கியைத் தேடும் கருவி செவிடாகிவிடும். ஹெட்ஜ்ஹாக்கோ ஒரே சமயத்தில் 24 குண்டுகளை முன்னால் எறியும். எதன்மேலாவது மோதினாலன்றி அவை வெடியா. ஆதலால் குறி தவறினாலும் வேட்டை தொடர்ந்து நடக்கும்.

இத்தகைய கப்பல்களுள் ஒன்று கானடாவின் மான்ட்ரியால் நகரில் 1944 மார்ச் 28இல் நீரில் இறக்கப்பட்டு, ஆகஸ்டு மாதத்தில் ‘ஹாலோவெல்’ என்ற பெயருடன் கானடியக் கடற்படையில் சேர்ந்தது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் காவல் புரிந்த அது 1945 நவம்பரில் வேலையற்றுப் போயிற்று. அக்காலத்தில் உபரியான போர்க்கப்பல்கள் மலிவாக ஏலம் போயின. ஐரோப்பாவில் வீடிழந்த யூதர்களைப் பாலஸ்தீனத்துக்கு ஏற்றிச் சென்றவற்றில் பழைய கானடியக் கார்வெட்டுகளும் இருந்தன. ஹாலோவெல் ‘ஷாரோன்’ என்ற பிரயாணிக் கப்பலாகி, 1950களின் தொடக்கத்தில் மீண்டும் பீரங்கி பூண்டு, இஸ்ரேலியக் கடற்படையில் ‘மிஸ்னாக்’ ஆயிற்று.

1957இல் திருகோணமலைத் தளத்தைப் பிரிட்டன் இலங்கையிடம் ஒப்படைத்தது. உலகப் பிரசித்தமான துறைமுகம் கிடைத்ததேயொழிய, அதற்குத் தகுந்த கப்பல்கள் இலங்கையிடம் இல்லை. 1959இல் இஸ்ரேலிடமிருந்து இரு ஃபிரிகேட்டுகளை வாங்கி, ஒன்றுக்கு மகாசேன என்றும், மிஸ்னாக்குக்குக் கஜபாகு என்றும் பெயர் வைத்தார்கள். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது உடனிருந்தவனாக இளங்கோவடிகள் கூறும் கயவாகு மன்னன் இவனே.

பெயர் பெரிது, வாழ்வு அவ்வளவு பெரிதாக அமையவில்லை. 1962 ஜனவரியில் அரசைக் கவிழ்க்க நடந்த சதி முயற்சியில் கடற்படையின் முன்னாள் தளபதியே சம்பந்தப்பட்டிருந்தபடியால், அரசாங்கம் அப்படையைச் சந்தேகக் கண்கொண்டு நோக்கியது. ஆள் சேர்ப்பு நின்றது, கப்பல்கள் விற்கப்பட்டன, மகாசேனவும் போயிற்று. கஜபாகு மட்டும் தலைமைக் கப்பலாக எஞ்சியது. அட்லாண்டிக்கின் ஆழத்துக்கென்று பிறந்த கப்பல், தோணிகளைக் கண்காணிக்க வேண்டிய, ஆழம் குறைந்த பாக் நீரிணைக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை வாசகரே ஊகிக்கலாம். 1972இல் இலங்கை குடியரசானபோது கப்பலின் பெயருக்கு முன்னிருந்த மகாராணியின் அடைமொழி அகன்றது. 1978இல் கப்பலும் பணியினின்று நீக்கப்பட்டது.

இதை அயலார் கதையென்று தள்ளிவிட வேண்டியதில்லை. இதே ரிவர் வகையைச் சேர்ந்த ‘பான்’ என்னும் பிரிட்டிஷ் கப்பல் 1945இல் நம்மிடம் வந்து ‘தீர்’ என்ற பெயருடன் 1970களின் இறுதிவரை இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சியளித்தது. ‘டெவரான்’ என்பது ‘தனுஷ்’ ஆகி, தேசப் பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானின் ‘ஜுல்பிகர்’ ஆயிற்று. புதிதாகச் சுதந்திரம் பெற்ற தேசங்கள் பிறருடைய யுத்தத்தின் மிச்சத்தைக் கொண்டு தம் கடற்படைகளை அமைத்ததில் இழிவொன்றும் இல்லை. அந்தப் பழங்கலங்களில்தான் ஒரு தலைமுறை மாலுமிகள் தொழில் பயின்றார்கள்.

2019 ஜூன் மாதத்தில் இலங்கைக் கடற்படை மறுபடியும் ஒரு கஜபாகுவைப் பணியில் சேர்த்தது. அதுவும் புதுக்கப்பல் அன்று; ‘ஷெர்மன்’ என்ற பெயரில் 1968 முதல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் உழைத்து, வியட்நாம் யுத்தத்தையும் கண்ட கப்பல் அது.