வயிறு முட்டவும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம்

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மதியம், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கைத்துண்டில் சுற்றி வைத்திருந்த ஹெட்போனைப் பிரித்து மேசைமேல் வைத்தார். காது முழுவதையும் மூடும் வகை. மகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வந்தது.

"ஒன்றரை வருஷம்தாம்மா ஆகுது. புதுசுல ரெண்டு நாளைக்குத் தாங்கும். இப்ப ஒரு ராகம் முடியறதுக்குள்ள அணைஞ்சுடுது. ஒரு நாள்கூட இதைப் பட்டினி போட்டதில்ல. கேக்காத நேரமெல்லாம் சார்ஜர்லயேதான் இருக்கும்" என்றார்.

"எங்க வச்சு சார்ஜ் போடுவீங்க ஐயா?" என்று கேட்டேன். டி.வி. பக்கத்தில், செட்டாப் பாக்ஸ் மேல் என்றார்.

காது மெத்தையைக் கழற்றி, நான்கு திருகாணிகளை எடுத்து மூடியைத் தூக்கினேன். வெள்ளி நிறப் பேட்டரி பூரி மாதிரி உப்பி, பிளாஸ்டிக்கை முட்டிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டால் உள்ளே காற்றடைத்த மெத்தென்ற உணர்வு. அவருக்கும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு அக்கறையாக வைத்திருந்தவரிடம், அந்த அக்கறைதான் இதைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சொல்லியாக வேண்டும்.

திருச்சி தெப்பக்குளம் பக்கத்துச் சந்தில் 17 வருஷமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அதே இடத்தில் அப்பா ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்த்தார். "பேட்டரியை முழுசா காலி பண்ணு, அப்புறம் ராத்திரி பூரா சார்ஜ் போடு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அன்றைக்கு அது சரிதான். அவர் காலத்து நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு: பாதியிலேயே மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றினால், அந்தப் பாதியையே தன் முழு அளவாக நினைத்துக்கொள்ளும். முழுக்க வடித்துவிட்டு ஏற்றினால் பழைய நிலைக்கு வரும்.

இன்று நம் காதில் இருப்பது லித்தியம்-அயன். 1991இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழியமைத்த ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பேட்டரிக்கு அந்த ஞாபகக் கோளாறு கிடையாது. முழுசாக வடிப்பது இதற்கு மருந்தல்ல, கேடு. புதிதாக வாங்கியதும் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பதும் அந்தப் பழைய பேட்டரியோடு போன வழக்கம். அப்பா சொன்னதை ஊரே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது, பேட்டரிதான் மாறிவிட்டது.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு லித்தியம் செல் முழுதாக நிரம்பும்போது 4.2 வோல்ட் காட்டும். நடுவில் 3.7. சுமார் 3 வோல்ட்டுக்கு இறங்கினால் கருவி தானே அணைந்துவிடும். 4.2ஐத் தொட்டதும் சார்ஜ் ஏற்றும் சிப் மின்சாரத்தை மெல்லக் குறைத்து நிறுத்திவிடும் என்பதால், ராத்திரி முழுக்கச் சொருகி வைத்தாலும் அளவுக்கு மீறி ஏறி வெடித்துவிடாது. அந்தப் பயம் வேண்டாம். சங்கடம் வேறு இடத்தில். முக்கொம்பில் தண்ணீர் விளிம்பைத் தொட்டு நிற்கும்போது மதகின் மேல் எவ்வளவு அழுத்தம் இருக்கும்? 4.2 வோல்ட்டில் நிற்கும் செல்லும் அப்படித்தான். உள்ளே இருக்கும் திரவமும் மின்வாய்களும் அந்த அழுத்தத்தில் மெல்ல மெல்லச் சிதையும். சொருகியே வைத்திருந்தால் சார்ஜ் கொஞ்சம் இறங்குவதும் மீண்டும் ஏறுவதுமாக இருக்கும். பந்தியில் இலையில் இடம் தெரிந்தாலே ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போகிறவரைப் போல.

இதோடு சூடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பேட்டரித் துறையில் பரவலாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. 40 சதவீத சார்ஜோடு, 25 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் பேட்டரி தன் கொள்ளளவில் 4 சதவீதம்தான் இழக்கும். அதே பேட்டரியை முழு சார்ஜோடு 40 டிகிரியில் வைத்தால் 35 சதவீதம் போய்விடும். ஒரு பாட்டுக்கூடக் கேட்காமலே! நம் ஊர்க் கத்திரி வெயிலில் 40 டிகிரி என்பது நிழலில் இருக்கும் அளவு. ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில், காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, மொட்டை மாடி ஷீட் கொட்டகையில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் மேசைக்கு வரும் பேட்டரிகளில் உழைத்துத் தேய்ந்தவற்றைவிட, நிரம்பிய வயிற்றோடு சூட்டில் கிடந்து கெட்டவையே அதிகம். பெரியவருடையதும் அந்தக் கணக்குதான்.

ஆகவே வெயிலில் இருந்து கொண்டுவந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏற்றவே கூடாது. அரை மணி நேரம் மின்விசிறிக்கடியில் ஆறட்டும். தலையணைக்கடியில், போர்வைக்குள் வைத்து சார்ஜ் போடுவதும் வேண்டாம். ஒயர் இல்லாமல் தட்டின் மேல் வைத்து சார்ஜ் ஏற்றும் வசதி இருந்தாலும், கோடைக்காலத்தில் ஒயரே நல்லது. தட்டில் வைத்தால் ஒரு பங்கு மின்சாரம் சூடாகவே வீணாகிறது.

காதுக்குள் செருகும் இயர்பட்ஸுக்கு இன்னொரு கஷ்டம், அதன் பேட்டரி மிகச் சின்னது. இன்றைய போனில் 5000 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். இயர்பட்ஸ் ஒன்றில் ஐம்பதோ அறுபதோதான். பொதுவாக இந்த செல்கள் 300 முதல் 500 முழுச் சுற்று வரை நன்றாகத் தாங்கும். முழுச் சுற்று என்றால் ஒருமுறை சொருகுவது அல்ல. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. ஐந்து மணி நேரம் பாடும் இயர்பட்ஸை தினமும் ஐந்து மணி நேரம் கேட்டால் 500 சுற்று ஒன்றரை வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். இரண்டு மணி நேரம் கேட்டால் மூன்று வருஷத்துக்கு மேல் வரும். சத்தத்தைக் குறைத்து, வெளிச்சத்தத்தை அடக்கும் வசதியை வீட்டுக்குள் இருக்கும்போது நிறுத்தி வைத்தால் இன்னும் நீளும். போன் பேச மட்டும் என்றால் இன்று இடது, நாளை வலது என்று ஒன்றை மாற்றி ஒன்று போடுங்கள். காதுக்கும் நல்லது.

அதன் டப்பாவும் ஒரு பேட்டரிதான். அதற்குள் போடும் ஒவ்வொரு முறையும் அது இயர்பட்ஸை நிரப்பிவிடுகிறது. அதை நம்மால் தடுக்க முடியாது. சில விலையுயர்ந்த வகைகள் மட்டும் நம் பழக்கத்தைப் பார்த்து 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும். உங்கள் போனில் அந்த வசதி இருந்தால் அணைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் டப்பாவை தினமும் சொருக வேண்டாம். 20, 30 சதவீதம் வரும்போது போட்டு, 80, 90இல் எடுத்தால் போதும். எண் காட்டாத டப்பாவில் நான்கு விளக்கு இருந்தால் ஒரு விளக்கு மிஞ்சும்போது போடுங்கள், மூன்று எரியும்போது எடுங்கள். நாளைக்கு ரயிலில் சென்னை போக வேண்டும் என்றால் தாராளமாக நூறு வரை ஏற்றலாம். நூறைத் தொடுவதில் தவறில்லை, நூறிலேயே குடியிருப்பதுதான் தவறு.

அதற்காகப் பட்டினியும் கூடாது. போன வருஷம் ஒரு அம்மா மகளோடு வந்தார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிகிறவரை தொடக்கூடாது என்று மகளின் நெக்பேண்டைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். எட்டு மாதம். வைக்கும்போதே சார்ஜ் தீர்ந்திருந்தது. செல்லின் இரு முனையில் மல்டிமீட்டரை வைத்தேன்: 1.1 வோல்ட்.

"பூஸ்ட் குடுத்தா உயிர் வரும்னு சொன்னாங்க அக்கா" என்றாள் அந்தப் பெண்.

வரும். ஆனால் நான் செய்வதில்லை. இவ்வளவு கீழே இறங்கிய செல்லில், உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைந்து திரவத்தில் கலந்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். கழுத்தில் மாட்டுகிற பொருளில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இயர்பட்ஸ் என்றால் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பா காலியானால் பல இயர்பட்ஸ் தன்னை வெளியே எடுத்துவிட்டதாக நினைத்து, உள்ளே கிடந்தபடியே போனோடு இணைந்து வடிந்துபோகும்.

"செத்துப் போச்சு" என்று கொண்டுவருவதில் பல சாவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் நான் பூதக்கண்ணாடியைத்தான் எடுப்பேன். இயர்பட்ஸின் அடியில் இருக்கும் இரண்டு பொன்னிறப் புள்ளிகளில் வியர்வை உப்பும் காது அழுக்கும் சேர்ந்து பச்சை படிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, டப்பாவுக்குள் இருக்கும் ஊசி முனைகளையும் துடைத்தால் சார்ஜ் ஏறிவிடும். நடைப்பயிற்சி, ஜிம் முடிந்து வந்ததும் துணியால் ஒற்றிவிட்டு டப்பாவில் வைப்பவர்களுக்கு இந்த வேலையே வராது. ஈரத்தோடு சார்ஜ் ஏறினால் அந்த முனைகள் அரிக்க ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று கேபிள். ஒரு கல்லூரிப் பெண், புது நெக்பேண்டு நேற்றிலிருந்து சார்ஜே ஏறவில்லை என்று கண் கலங்கி வந்தாள். புது போனோடு வந்த, இரண்டு முனையும் டைப்-சி கேபிளில் போட்டிருக்கிறாள். என் மேசையில் கிடந்த பழைய கேபிளை, ஒரு முனை பட்டையான யூ.எஸ்.பி., எடுத்துச் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. டைப்-சி சார்ஜர், எதிரே இருக்கும் பொருளில் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மின்சாரம் கொடுக்கும். விலை குறைந்த பல ஹெட்செட்டுகளில் அந்தச் சில பைசா பொருளைச் சேர்ப்பதில்லை. உங்களுடையதும் இப்படி முரண்டு பிடித்தால், தூக்கிப் போடுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

போனின் 67 வாட் சார்ஜரில் போட்டால் கருகிவிடுமா என்று தினம் ஒருவர் கேட்கிறார். கருகாது. சார்ஜர் திணிப்பதில்லை, ஹெட்போன் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது பெயரும் பி.ஐ.எஸ். முத்திரையும் இல்லாத நூறு ரூபாய் சார்ஜருக்குத்தான். அதில் 5 வோல்ட் 5 வோல்ட்டாக நிற்காது.

பேட்டரி நிஜமாகவே தேய்ந்துவிட்டால், நெக்பேண்டுக்கும் பெரிய ஹெட்போனுக்கும் மாற்றலாம். செல்லின் மேல் 401230 என்று எண் இருந்தால், 4 மில்லிமீட்டர் தடிப்பு, 12 அகலம், 30 நீளம் என்று பொருள். அளவும் வோல்ட்டும் பொருந்தி, பாதுகாப்புச் சுற்று வைத்த செல்லாக இருந்தால் போதும். இயர்பட்ஸில்தான் மனசு கனத்துப்போகிறது. சட்டைப் பொத்தான் அளவு செல்லை உள்ளே வைத்துப் பசையால் மூடிவிடுகிறார்கள். திறந்தால் பெரும்பாலும் ஓடு உடைகிறது. பாட்டும் மைக்கும் நன்றாக வேலை செய்யும் பொருள், ஒரு கிராம் இரண்டு கிராம் பேட்டரிக்காகக் குப்பைக்குப் போவது அநியாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து, இப்படிப்பட்ட கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றும்படி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. நம் நாட்டிலும் அது வர வேண்டும்.

பெரியவருக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் வந்தார். "செட்டாப் பாக்ஸ் மேல வைக்கிறதில்லம்மா. பாதிக்குக் கீழ போனாத்தான் சொருகுறேன்" என்றார். திறந்து பார்க்கச் சொன்னார். பேட்டரி தட்டையாக, புதிது போலவே இருந்தது.

அவருடைய பழைய பேட்டரி, முனைகளில் டேப் ஒட்டி, என் கடை மூலையில் மணல் போட்ட தகர டப்பாவில் கிடந்தது. மற்றவற்றோடு சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பினேன். உங்கள் வீட்டில் உப்பிய பேட்டரி இருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கேட்டுக் கொடுங்கள். வீட்டுக் குப்பையோடு மட்டும் போட்டுவிடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கி அது தீப்பிடித்தால், பக்கத்தில் நிற்பவர் நம் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்.